சோடியம் ஏன் தண்ணீரில் வெடிக்கிறது? கார உலோகங்களின் வினைத்திறனுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கார உலோகங்களைப் பற்றி, அதாவது தனிம அட்டவணையின் முதல் தொகுதியில் (நெடுவரிசையில்) லித்தியத்திலிருந்து கீழே உள்ள உலோகங்களைப் பற்றி, எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் வரி ஒன்று உண்டு: தொகுதியில் கீழே போகப் போக வினைத்திறன் கூடும். லித்தியம் தண்ணீரில் அமைதியாகக் குமிழிடும், சோடியம் ஓடும், பொட்டாசியம் தீப்பிடிக்கும், ருபீடியமும் சீசியமும் வெடிக்கும். இதில் தவறில்லை. ஆனால் மின்வேதியியல் பாடத்துக்குப் போய்த் திட்ட மின்முனை மின்னழுத்த அட்டவணையைப் பார்த்தால், நீர்க்கரைசலில் இருப்பதிலேயே வலிமையான ஒடுக்கி (எலக்ட்ரானைக் கொடுக்கும் பொருள்) லித்தியம் என்று போட்டிருக்கும். லித்தியத்துக்கு மைனஸ் 3.04 வோல்ட், சோடியத்துக்கு மைனஸ் 2.71 வோல்ட். தண்ணீரில் சாதுவாக இருப்பது முதலிடத்தில். துள்ளி ஓடும் சோடியம் இந்தக் குடும்பத்தில் கடைசியில்.

இந்த முரண்பாட்டைப் பல ஆசிரியர்கள் ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் இந்தப் பாடத்தின் நடுமையம் என்று படுகிறது. ஒரு வினை எவ்வளவு ஆற்றலைத் தருகிறது என்பது ஒன்று. அதை எவ்வளவு வேகமாகத் தருகிறது என்பது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக இடத்தில் உட்காரும். வரிசையாகப் போவோம்.

படி 1: வெளிக்கூட்டு எலக்ட்ரானிலிருந்து தொடங்குங்கள்

சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள், 2, 8, 1 என்று மூன்று கூடுகளில் இருக்கின்றன. வெளியே தனியாக இருக்கும் அந்த ஒன்றுதான் எல்லா ஆட்டத்துக்கும் காரணம். அதைப் பிரிக்க ஒரு மோலுக்கு 496 கிலோஜூல் தேவை. அடுத்த எலக்ட்ரானை எடுக்க 4,562 கிலோஜூல், அதாவது ஒன்பது மடங்குக்கும் மேல். அதனால் சோடியம் ஒரே ஒரு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு ஒற்றை நேர்மின் அயனியாக நின்றுவிடும். அதன் சேர்மங்களின் வாய்பாடுகள் இவ்வளவு எளிமையாக இருப்பது இதனால்தான்.

கீழே போகப் போகக் கூடுகள் கூடுகின்றன. வெளி எலக்ட்ரான் அணுக்கருவிலிருந்து விலகுகிறது, நடுவில் உள்ள எலக்ட்ரான்கள் அதைத் திரையிட்டு மறைக்கின்றன. முதல் அயனியாக்கும் ஆற்றல் ஒரு மோலுக்குக் கிலோஜூலில் இப்படி இறங்கும்:

லித்தியம் 520
சோடியம் 496
பொட்டாசியம் 419
ருபீடியம் 403
சீசியம் 376

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்க ஆசைப்படுகிறது, எண்மநிலை (வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்) அடையத் துடிக்கிறது என்றெல்லாம் எழுதுவார்கள். மேலே உள்ள எண்கள் எல்லாம் நாம் கொடுக்க வேண்டிய ஆற்றல், கிடைக்கும் ஆற்றல் அல்ல. தனியாக விட்டால் எந்தச் சோடியம் அணுவும் தன் எலக்ட்ரானை உதறிவிடாது. அப்படியானால் வினையில் வெளிவரும் வெப்பம் எங்கிருந்து வருகிறது?

படி 2: செலவு, வரவு என்று பிரித்து எழுதுங்கள்

உலோகத் துண்டு தண்ணீரில் கரைந்து அயனியாக மாறுவதை மூன்று வரிகளாகப் பிரிக்கலாம். முதலில் திண்ம உலோகத்திலிருந்து அணுவைப் பெயர்த்தெடுக்க வேண்டும்: செலவு. பிறகு அந்த அணுவிலிருந்து எலக்ட்ரானை எடுக்க வேண்டும்: செலவு. கடைசியில் நீர் மூலக்கூறுகள் அயனியைச் சூழ்ந்துகொள்ளும்போது நீரேற்ற ஆற்றல் கிடைக்கும்: வரவு.

லித்தியத்துக்குப் போட்டுப் பாருங்கள். பெயர்த்தெடுக்க ஒரு மோலுக்குச் சுமார் 159 கிலோஜூல், எலக்ட்ரானை எடுக்க 520, நீரேற்றத்தில் திரும்ப வருவது சுமார் 520. நிகரச் செலவு 159. சோடியத்துக்கு 107 கூட்டல் 496 கழித்தல் 406. நிகரச் செலவு 197. பொட்டாசியத்துக்கு 89 கூட்டல் 419 கழித்தல் 322; நிகரச் செலவு 186.

நிகரச் செலவு மிகக் குறைவாக இருப்பது லித்தியத்துக்கு. அதன் அயனி மிகச் சிறியது. மின்சுமை சின்ன இடத்தில் அடங்கியிருப்பதால் நீர் மூலக்கூறுகளை இறுக்கமாக இழுத்துக்கொள்கிறது. சீசியம் அயனி பெரியது. அதன் நீரேற்ற ஆற்றல் லித்தியத்தினுடையதில் ஏறக்குறைய பாதிதான். எலக்ட்ரானைச் சுலபமாகக் கொடுத்து மிச்சம் பிடித்ததைச் சீசியம் அங்கே விட்டுவிடுகிறது. மின்முனை அட்டவணையில் லித்தியம் உச்சியிலும் சோடியம் இந்தக் குடும்பத்தின் கடைசியிலும் இருப்பதற்கு விளக்கம் இவ்வளவுதான்.

இந்த நிகரச் செலவை ஈடுகட்டி மிஞ்சும் வெப்பம், அந்த எலக்ட்ரானை வாங்கித் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஹைட்ராக்சைடாகவும் மாறும்போது வருகிறது; அந்த வரவு எல்லா உலோகத்துக்கும் ஒன்றே. அதனால் தண்ணீரோடு நடக்கும் முழு வினையின் வெப்பமும் இதே வரிசையில்தான் போகிறது. ஒரு மோல் உலோகத்துக்கு லித்தியம் சுமார் 222 கிலோஜூல் வெளியிடுகிறது, சோடியம் 184, பொட்டாசியம் 196, சீசியம் 202. மோலை விட்டுவிட்டுக் கிராமுக்குக் கணக்கிட்டால் வித்தியாசம் இன்னும் பெரிது: லித்தியம் 32 கிலோஜூல், சோடியம் 8, பொட்டாசியம் 5, சீசியம் வெறும் ஒன்றரை. சீசியம் அணு கனமானது, ஒரு கிராமில் அணுக்களே குறைவு. வெளிவரும் ஹைட்ரஜனும் அப்படித்தான். அறை வெப்பநிலையில் ஒரு கிராம் சோடியம் சுமார் அரை லிட்டர் ஹைட்ரஜன் தரும். ஒரு கிராம் சீசியத்திலிருந்து 100 மில்லிலிட்டர்கூடத் தேறாது.

சீசியத் துண்டு ஒன்று குளியல் தொட்டியையே சிதறடிப்பதாகக் காட்டிய தொலைக்காட்சிக் காட்சி ஒன்று வெகு காலம் சுற்றி வந்தது. அதில் வேலை செய்தது தனியாக வைத்த வெடிமருந்து. மேலே உள்ள ஒன்றரைக் கிலோஜூல் தெரிந்திருந்தால் அந்தச் சந்தேகம் பார்த்தவுடனேயே வந்திருக்கும்.

படி 3: வேகத்துக்கு வேறு கேள்வி கேளுங்கள்

இவ்வளவு ஆற்றல் தரும் லித்தியம் ஏன் மெதுவாகக் குமிழிடுகிறது? வரவு கடைசியில்தான் வருகிறது. செலவை முதலில் செய்தாக வேண்டும். லித்தியத்துக்கு அந்த முன்செலவு 159 கூட்டல் 520, அதாவது 679. சீசியத்துக்கு 76 கூட்டல் 376, அதாவது 452. உண்மையான வினைப்பாதையில் இந்த முழுத் தொகையும் அப்படியே தடையாக நிற்பதில்லை என்பது சரிதான். ஆனாலும் தடையின் உயரம் எந்தப் பக்கம் கூடும், எந்தப் பக்கம் குறையும் என்பதை இந்த எண்கள் நன்றாகவே காட்டுகின்றன. கீழே போகப் போகத் தடை தாழ்கிறது, வேகம் கூடுகிறது.

இன்னொரு காரணம் உருகுநிலை. லித்தியம் 180.5 டிகிரி செல்சியஸில் உருகும், சோடியம் 97.8, பொட்டாசியம் 63.5, ருபீடியம் 39.3, சீசியம் 28.5. தண்ணீரில் லித்தியம் திண்மமாகவே இருக்கிறது. மேலே படியும் ஹைட்ராக்சைடும் உடனே கரைந்து விலகுவதில்லை. சோடியமும் பொட்டாசியமும் வினையின் வெப்பத்திலேயே உருகி, தண்ணீருக்கு எப்போதும் புதிய பரப்பைக் காட்டுகின்றன. வேகம் கூடினால் வெப்பம் கூடும், வெப்பம் கூடினால் வேகம் மேலும் கூடும்.

ஆக, பாடப்புத்தகத்தின் ‘கீழே போகப் போக வினைத்திறன் கூடும்’ என்ற வரி வேகத்தைப் பற்றியது. மின்முனை அட்டவணை ஆற்றலைப் பற்றியது. தேர்வில் எது கேட்கப்படுகிறது என்று பார்த்து எழுதுங்கள்.

படி 4: தண்ணீரில் நடப்பதைக் கவனியுங்கள்

வினை எல்லாவற்றுக்கும் பொது:

2 சோடியம் + 2 நீர் → 2 சோடியம் ஹைட்ராக்சைடு + ஹைட்ரஜன்

தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் சோடியத்தின் அடர்த்தி 0.97, பொட்டாசியத்தினுடையது 0.86, லித்தியத்தினுடையது 0.53. மூன்றும் மிதக்கும். சோடியம் உருகி வெள்ளி நிற உருண்டையாகி, ஹைட்ரஜன் தள்ளத் தள்ள நீர்ப்பரப்பில் அங்குமிங்கும் ஓடும். சுதந்திரமாக ஓட விட்டால் பெரும்பாலும் தீப்பிடிக்காது. நனைந்த வடிதாளில் ஒரே இடத்தில் நிறுத்தினால் வெப்பம் அங்கேயே தேங்கி மஞ்சள் சுடர் எழும். பொட்டாசியத்தில் ஹைட்ரஜன் உடனே பற்றிக்கொண்டு இளம் ஊதாச் சுடர் தெரியும். ருபீடியமும் சீசியமும் தண்ணீரை விடக் கனமானவை, மூழ்கிவிடும். நீருக்கடியில் ஒரே நொடியில் வாயு பெருகுவதால் கண்ணாடிப் பாத்திரம் உடையும். சீசியம் பயங்கரமாகத் தெரிவதற்கு இந்த மூழ்குவதற்கும் பங்கு உண்டு.

படி 5: வெடிப்பின் உண்மையான காரணம்

நீண்ட காலம் சொல்லப்பட்ட விளக்கம் இது: வினை வெப்பம் தருகிறது, ஹைட்ரஜன் வருகிறது, ஹைட்ரஜன் காற்றோடு கலந்து பற்றி வெடிக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் காற்றே இல்லாத நீருக்கடியிலும் வெடிக்கிறதே? இன்னொரு சிக்கலும் உண்டு. உலோகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஹைட்ரஜனும் நீராவியும் படலமாக நின்றால், தண்ணீர் உலோகத்தைத் தொடவே முடியாது. வினை தன்னைத்தானே அணைத்துக்கொள்ள வேண்டும்.

2015இல் பிராகா நகரின் பாவெல் யுங்விர்த், ஃபிலிப் மேசன் ஆகியோரின் குழு இதை அதிவேகக் கேமராவில் படம் பிடித்தது. திண்மத் துண்டுக்குப் பதிலாக, அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் சோடியம்-பொட்டாசியம் கலவையின் துளிகளைத் தண்ணீரில் விட்டார்கள். துளி நீரைத் தொட்டு ஒரு மில்லிநொடி ஆவதற்குள்ளேயே அதன் பரப்பிலிருந்து உலோக ஊசிகள் நாலாபக்கமும் நீருக்குள் பாய்வது பதிவானது. வாயு பெருகித் தள்ளுவதற்கோ ஹைட்ரஜன் பற்றிக்கொள்வதற்கோ அதற்குள் நேரமே இல்லை.

அவர்களின் கணினிக் கணக்கீடு காட்டிய விளக்கம் இது. துளியின் மேற்பரப்பு அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிகோநொடிகளில் (ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) தண்ணீருக்குத் தாவிவிடுகின்றன. பின்னால் நிற்பது நேர்மின் அயனிகள் நெருக்கியடித்த ஒரு பரப்பு. அவை ஒன்றையொன்று விலக்கும் விசை, துளியைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பரப்பு இழுவிசையை மீறியதும் பரப்பு கிழிந்து ஊசிகளாகப் பீறிடுகிறது. இதைக் கூலும் வெடிப்பு என்கிறார்கள். ஊசிகள் பாய்ந்ததும் தண்ணீர் தொடும் பரப்பு பல மடங்காகிறது, வினை அசுர வேகம் பிடிக்கிறது, ஹைட்ரஜன் எரிவதெல்லாம் அதற்குப் பிறகு. காலங்காலமாக வகுப்பில் செய்து காட்டப்பட்ட ஒரு சோதனையின் முதல் மில்லிநொடியை 2015 வரை யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

திண்மச் சோடியம் சில நேரம் வெடிக்காமல் ஓடி முடிவதும், சில நேரம் எதிர்பாராமல் கடைசியில் ‘டப்’ என்று தெறிப்பதும் இதோடு பொருந்துகிறது. பழைய துண்டின் மேல் ஓடு இருக்கும். பரப்பு சுத்தமாக, திரவமாக மாறும் நொடிதான் ஆபத்தானது. வினை முடிந்துவிட்டது என்று குனிந்து பார்ப்பவர்களுக்கு முகத்தில் காயம் படுவது அப்போதுதான்.

படி 6: காற்றில் என்ன ஆகிறது

புதிதாக வெட்டிய சோடியம் பளபளக்கும், சற்று நேரத்தில் மங்கிவிடும். ஆக்சைடு உருவாகி, ஈரத்தோடு ஹைட்ராக்சைடாகி, கரியமில வாயுவோடு கார்பனேட்டாகி வெள்ளை ஓடு பிடிக்கும்.

எரித்தால் குடும்பம் மூன்றாகப் பிரிகிறது. லித்தியம் சாதாரண ஆக்சைடு தரும். சோடியம் பெரும்பாலும் பெராக்சைடு தரும். பொட்டாசியம், ருபீடியம், சீசியம் மூன்றும் சூப்பர் ஆக்சைடு தரும். சிறிய நேர்மின் அயனியோடு சிறிய எதிர்மின் அயனி நெருங்கிக் கட்டும்போது படிகம் உறுதியாக இருக்கும். பெரிய அயனியால்தான் பெரிய சூப்பர் ஆக்சைடு அயனியைச் சிதையாமல் வைத்திருக்க முடியும். பொட்டாசியம் சூப்பர் ஆக்சைடு கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு ஆக்சிஜனை வெளியிடும் என்பதால் சுவாசக் கருவிகளில் பயன்படுகிறது.

நைட்ரஜனோடு அறை வெப்பநிலையிலேயே வினைபுரிவது லித்தியம் மட்டும்; நைட்ரைடு உருவாகும். இந்த விஷயத்தில் அது தன் குடும்பத்தை விட்டுவிட்டு மக்னீசியத்தைப் போல நடந்துகொள்கிறது. மூலைவிட்டத் தொடர்பு என்று படிப்பது இதைத்தான்.

படி 7: மற்ற பொருள்களோடு

சூடான சோடியம் குளோரினில் பிரகாசமான மஞ்சள் சுடரோடு எரிந்து சாதாரண உப்பாகும். எத்தனாலோடு நிதானமாகக் குமிழிட்டு சோடியம் எத்தாக்சைடும் ஹைட்ரஜனும் தரும். ஆல்கஹாலின் கிளைகள் கூடக் கூட வினை மெதுவாகும். திரவ அம்மோனியாவில் கரைந்தால் அழகான ஆழ்ந்த நீலம் வரும். அந்த நீலம் சோடியத்தின் நிறமல்ல, அம்மோனியா மூலக்கூறுகள் சூழ்ந்து நிற்கும் எலக்ட்ரான்களின் நிறம். அதனால்தான் லித்தியத்தைப் போட்டாலும் பொட்டாசியத்தைப் போட்டாலும் அதே நீலம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். குளோரோஃபார்ம், டைகுளோரோமீத்தேன், கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற குளோரின் உள்ள கரைப்பான்களின் பக்கத்திலேயே கார உலோகம் போகக் கூடாது. கலந்து வைத்தால் அமைதியாக இருப்பது போலத் தெரியும், லேசாகத் தட்டினாலே வெடிக்கக்கூடும். கரைப்பானின் ஈரத்தை நீக்கச் சோடியம் போடும் பழக்கம் உள்ள ஆய்வகங்களில் இந்தத் தவறு நடக்க வாய்ப்பு அதிகம்.

படி 8: பிரான்சியத்தைப் பற்றி

அட்டவணையை நீட்டினால் பிரான்சியம்தான் எல்லாவற்றையும் விட வேகமாக வினைபுரிய வேண்டும் என்று தோன்றும். ஆனால் அதன் அயனியாக்கும் ஆற்றல் சுமார் 393 கிலோஜூல், சீசியத்தை விடக் கூடுதல். கனமான அணுக்கருவுக்கு அருகே எலக்ட்ரான்கள் பெரும் வேகத்தில் இயங்குவதால் சார்பியல் விளைவு தலைகாட்டி, வெளி எலக்ட்ரான் சற்று இறுக்கமாகப் பிடிக்கப்படுகிறது. 1939இல் மார்கரீத் பெரே கண்டுபிடித்த இந்தத் தனிமத்தின் நீண்டகால ஐசோடோப்புக்கே அரை ஆயுள் 22 நிமிடம்தான். எடைபோடும் அளவுக்கு யாரும் சேர்த்ததில்லை. பிரான்சியத்தைத் தண்ணீரில் போட்டதாக வரும் வீடியோக்கள் அனைத்தும் புனைவு.

படி 9: செய்து காட்டும் முறை

இது பயிற்சி பெற்றவர் ஆய்வகத்தில் செய்ய வேண்டியது. வீட்டில் முயல வேண்டாம்.

முதலில் பெரிய கண்ணாடித் தொட்டியில் பாதியளவு தண்ணீர் எடுத்துச் சில துளி பினாப்தலீன் (காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) விடுங்கள். தொட்டிக்கும் பார்ப்பவர்களுக்கும் நடுவில் பாதுகாப்புத் திரை வேண்டும். எல்லோருக்கும் கண் கவசம். செய்பவருக்கு முகக் கவசமும். தொட்டியை மூடக் கூடாது, மூடினால் ஹைட்ரஜன் தேங்கும்.

அப்புறம், உலர்ந்த இடுக்கியால் சோடியத்தை எண்ணெயிலிருந்து எடுத்து, உலர்ந்த ஓட்டின் மேல் வைத்துக் கத்தியால் வெட்டுங்கள். துண்டின் பக்கம் 3, 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பொட்டாசியமென்றால் அதை விடச் சிறியது. மிச்சத்தை உடனே எண்ணெய்க்குள் திருப்பி, புட்டியை மூடித் தூரத்தில் வைத்த பிறகுதான் அடுத்த வேலை. வெட்டிய துண்டின் எண்ணெயை வடிதாளில் ஒற்றி எடுத்து, இடுக்கியால் நீர்ப்பரப்பில் விட்டுவிட்டுப் பின்வாங்குங்கள். உருண்டை ஓடிய தடமெல்லாம் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும், அது ஹைட்ராக்சைடு. ஓட்டம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் யாரும் கிட்டே போகக் கூடாது. முதல் துண்டு முழுக்கக் கரையும் முன் அடுத்ததைப் போடவும் கூடாது.

படி 10: சேமிப்பு, தீ, கழிவு

சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பாரஃபின் எண்ணெயில் மூழ்கவைத்துச் சேமிப்பார்கள். லித்தியம் எண்ணெயிலேயே மிதக்கும் அளவு லேசானது; அதை வாஸ்லின் பூசியோ ஆர்கான் வாயுவிலோ வைப்பார்கள், நைட்ரஜன் உதவாது என்று மேலே பார்த்தோம். ருபீடியமும் சீசியமும் காற்றைத் தொட்டவுடன் தீப்பிடிக்கும் என்பதால் அடைத்து முத்திரையிட்ட கண்ணாடிக் குப்பியில் வரும். பழைய பொட்டாசியத்தின் மேல் மஞ்சள் ஓடு தெரிந்தால் கத்தி வைக்க வேண்டாம். அது சூப்பர் ஆக்சைடு. எண்ணெயும் உலோகமும் அதோடு அழுந்தினால் வெடிக்கும். புட்டியை அப்படியே வைத்துவிட்டு ஆய்வகப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

தீப்பிடித்தால் தண்ணீர், நுரை, கரியமில வாயு மூன்றும் ஆகாது. கரியமில வாயுவிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டே சோடியம் எரியும். உலர்ந்த உப்புத் தூளோ சலவைச் சோடாத் தூளோ உலர்ந்த மணலோ போட்டு மூடி, முழுக்க ஆறும் வரை கிளறாமல் விட வேண்டும். எரியும் லித்தியம் மணலோடும் வினைபுரியும். அதற்குக் கிராஃபைட் தூள்.

கழிவு விஷயத்தில் செய்யக் கூடாததற்கு ஓர் உதாரணம் படமாகவே இருக்கிறது. 1947இல் அமெரிக்காவில், போரில் மிஞ்சிய சோடியத்தைப் பீப்பாய் பீப்பாயாக வாஷிங்டன் மாநிலத்தின் லெனோர் ஏரியில் உருட்டிவிட்டார்கள். ஒவ்வொன்றும் வெடித்துத் தண்ணீரைத் தூணாக எழுப்பியது.

ஆய்வகத்தில் மிஞ்சும் சிறு துண்டுகளுக்கு முறை வேறு. சோடியமென்றால் நிறைய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பொட்டாசியமென்றால் இன்னும் மெதுவான மூன்றாம் நிலை பியூட்டைல் ஆல்கஹால். நைட்ரஜன் ஓட்டத்தில், புகைபோக்கி உள்ள அடைப்பில், பக்கத்தில் தீயோ பொறியோ இல்லாமல், ஒவ்வொரு துண்டாகப் போட்டு மெதுவாகக் கலக்க வேண்டும். வேகம் குறைந்ததும் எத்தனால் சொட்டுச் சொட்டாக. குமிழ்கள் முழுக்க நின்று, அடியில் உலோகம் எதுவும் மிஞ்சவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் தண்ணீர், அதுவும் சொட்டுச் சொட்டாகவே. கடைசியில் நீர்த்த அமிலத்தால் நடுநிலையாக்கிக் கரிமக் கழிவுப் புட்டியில் ஊற்றுங்கள்.